இரண்டு பேணி மருந்து

1

ஊர்ப் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, மலர்க் குழுவில் இருக்கும் என் பள்ளித் தோழன் குரற்செய்தி அனுப்பியிருந்தான். "நீ பலர்மோவுக்குப் போய் இருபத்து மூண்டு வரியம் முடியுதெல்லோ. அங்கத்தைச் சீவியத்தைப் பற்றி நல்லதாய் நாலு பக்கம் எழுதி அனுப்பு. படமும் ஒண்டு வை." நல்லதாய் என்பதை அவன் இரண்டு தரம் சொன்னான்.

போன ஆண்டு மலரை எடுத்துப் பார்த்தேன். இத்தாலியிலிருந்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் வத்திக்கானைப் பற்றி, ஒருவர் எரிமலையைப் பற்றி, இன்னொருவர் மலைக்குகைக் கோயிலில் இருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவைப் பற்றி. மூவரும் கோட் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். மூவரையும் எனக்கு நேரில் தெரியும். ஒருவர்கூடத் தான் யாருடைய கழிப்பறையைத் தேய்க்கிறேன் என்று எழுதவில்லை. வாசிக்க வாசிக்க எனக்கு ஓங்காளம் வந்தது.

ஆகவே நான் வெடிமருந்தைப் பற்றி எழுதப் போகிறேன். பயப்பட வேண்டாம், இது சண்டைக் கதை இல்லை. கடதாசியில் சின்னதாக ஓட்டை போடுவதற்காக ஒரு பல் வைத்தியரும் என் மகளும் இரண்டு வருடமாக மருந்து தெரிந்தெடுத்த கதை. நான் அதற்குள் போய் ஒரு வேலை பார்த்து வைத்த கதையும் அதுதான்.

2

வியா மக்வேதாப் பெருந்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் சின்யோரா கார்லாவின் வீடு. அவர்தான் அந்தப் பல் வைத்தியர். ஐம்பது வயதுக்குக் கிட்ட. தனி ஆள். பதினாறு வருடமாக அந்த வீட்டுக் குசினிச் சமையலும் நிலம் துடைப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் என் பொறுப்பு. அவர் என்னை அந்தோனியோ என்று கூப்பிட்டு நீ என்பார். நான் சின்யோரா என்று சொல்லி நீங்கள் என்பேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னுக்கு வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

காலையில் பல்லரோ சந்தைக்குள்ளால் நடந்து, மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு அங்கே போவேன். மீன்காரன் என்னைக் கண்டதும் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டுவான். நான் ஒவ்வொரு மீனாகத் தூக்கி, முள்ளந்தண்டை அழுத்தி, வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன். "வைத்தியர் வந்திட்டார், நோயாளியைக் காட்டுங்கோ" என்று அவன் கத்துவான். இங்கே அப்படிப் பார்க்கத் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். கை விடாது.

எங்கள் மன்னார்க் கரையில் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிற சிலர் இருந்தார்கள். வாசிக்கும் பலருக்கு ஆட்களின் பெயரும் தெரிந்திருக்கும், நான் எழுத மாட்டேன். வெடி மீன் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் மினுங்கும். அறுத்தால் உள்ளே முள்ளு முறிந்து, வயிறு முழுக்க இரத்தம் கட்டியிருக்கும். என் அம்மா அதைக் கண்டால் சட்டியோடு கொண்டுபோய் நாய்க்குக் கொட்டுவார். பக்கத்து வளவுச் சூசை அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. போத்தலுக்குள் மருந்தை அடைத்துத் திரி வைத்தவர், எறியப் பிந்திவிட்டார். அவர் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரும்போது, பீடத்தில் உதவிக்கு நிற்கும் சிறுவனான நான் கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி என்று சுவாமியார் நினைத்தார். எனக்கு அந்த மொட்டைக் கையைப் பார்க்க அருவருப்பு. அன்றிலிருந்து மருந்து என்றாலே நான் எட்டித்தான் நிற்பேன்.

3

சின்யோரா வீட்டின் கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. ஓர் இரும்பு அலுமாரிக்குள் இரண்டு துவக்குகள், சுடுதளத்தில் கடதாசிக் குறிக்குச் சுடுகிற நீட்டுத் துப்பாக்கிகள். இன்னொரு சின்ன அலுமாரிக்குள் மருந்து அடைத்த தகரப் பேணிகள். மேசையில் ஒரு தராசும், கைபிடியை இழுத்து அமத்துகிற ஒரு யந்திரமும். கடையில் விற்கிற தோட்டா அவருக்குப் பிடிக்காது. "அது எல்லாருக்கும் பொதுவாய்த் தைச்ச சட்டை, அந்தோனியோ. என்ரை துவக்குக்கு அளவெடுத்துத் தைக்க வேணும்" என்பார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, புதிதாக மருந்து நிறுத்துப் போட்டு, மேலே ஈயக் குண்டான ரவையை வைத்து அமத்தித் தன் தோட்டாவைத் தானே செய்வார்.

கழுவுகிறது யார்? நான்தான். சுடுநீரில் சவர்க்காரம் போட்டு, எலுமிச்சம்புளி விட்டு அலச வேண்டும். கறுப்புத் தண்ணீர் ஓடும். சலாட் இலை கழுவுகிற அதே தொட்டி. பிறகு அந்தத் தொட்டியை மூன்று தரம் தேய்ப்பேன். அப்படியும் அன்றைக்கு அங்கே ஒரு வாய் சாப்பிட மனம் வராது.

இந்தக் கூத்துக்குள் என் மகள் ரோசா எப்படிப் போனாள் என்று கேட்பீர்கள். அவளுக்கு இருபத்தொரு வயது. இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். விடுமுறைக்குச் சின்யோராவின் வைத்திய நிலையத்தில் தொலைபேசி எடுக்கப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன்னோடு சுடுதளத்துக்குக் கூட்டிப் போனார். அவ்வளவுதான். மாதம் இரண்டு திரும்பவில்லை, இவள் அவரைவிட நன்றாகச் சுட்டாள். மூன்றாம் மாதம் மருந்து நிறைகளை எழுதுகிற கொப்பி இவள் கைக்கு வந்துவிட்டது.

"மருந்தெண்டா எல்லாம் ஒண்டில்லை அப்பா" என்று, நான் கோது கழுவிக்கொண்டு நிற்கும்போது ஒருநாள் வகுப்பெடுத்தாள். "ஒண்டு கெதியா, டக்கெண்டு எரியும், மற்றது ஆறுதலா, மெள்ள மெள்ள எரியும். சின்னக் கோதுக்கும் பாரமில்லாத ரவைக்கும் கெதியானது. பெரிய கோதுக்கும் பாரமான ரவைக்கும் ஆறுதலானது. ஆல்லோரா, அப்ப, எங்கடை துவக்குக்கு எது சரியெண்டு சுட்டுத்தான் பாக்கோணும்."

"அதுக்கு ரெண்டு வரியமோ?"

"ரெண்டு வரியமும் காணாது."

முதலாவது மருந்து கடுகு மாதிரி உருண்டை. அளவையிலிருந்து தடங்கலில்லாமல் விழும், ஒவ்வொரு அளவும் ஒரே நிறை. சின்யோராவுக்கு நல்ல சந்தோசம். ஆனால் குழலுக்குள் கரி பிடித்தது, இருபது வெடிக்குப் பிறகு ரவைகள் சிதறத் தொடங்கின. இரண்டாவது தை மாதத்தில் தங்கமாக இருந்தது. சிரோக்கோ அடிக்கத் தொடங்கியதும், ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்த வேக்காட்டுக் காற்றில், அதே நிறை, அதே துவக்கு, ஓட்டை மட்டும் மேலே மேலே ஏறியது. சூட்டுக்குக் குணம் மாறுகிற மருந்து என்று தள்ளி வைத்தாள். மூன்றாவது நீட்டுத் தும்பு. அளவைக்குள் சிக்கி வெட்டுப்படும், நிறை ஏறும் இறங்கும். கரண்டியால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக நிறுத்ததில் இருவருக்கும் கழுத்து நொந்தது. நாலாவது கறுத்தக் குறுணி. நல்லதுதான், ஆனால் எங்கள் கோதுக்குக் கொஞ்சம் கெதி. போடக்கூடிய அளவு கோதை நிரப்பாது, உள்ளே வெளி விழும். ஐந்தாவதும் அதே கறுத்தக் குறுணி, பார்வைக்கு நாலாவதின் இரட்டைப்பிள்ளை. எரிவதில் மட்டும் ஆறுதல். கோதின் கழுத்து வரை நிறைந்து நின்றது, வெயிலுக்கும் அசையவில்லை. ஐந்து வெடியும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. அன்றைக்கு இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

பேரைப் பார்த்து எடுக்கக் கூடாது, ஆள் சொன்னதை நம்பி எடுக்கக் கூடாது, கடதாசிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் மகளின் சட்டம். நான் ஒரேயொரு படத்தைப் பார்த்து அவளுடைய தாயைக் கட்டினவன். ஒரு பொடிக்கு இத்தனை சோதனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளைக்குப் பல்லரோவில் நின்று ஒரு நல்ல கத்தரிக்காய் பார்த்தெடுக்கத் தெரியாது.

4

ரோசாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கதைப்பாள், நன்றாகவே கதைப்பாள். ஒன்பது வயதில், பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ் வகுப்பை விட்டவள், ஆனா ஆவன்னாவுக்கு அப்பால் போகவில்லை. சனிக்கிழமை எனக்கும் என் மனைவி மெற்றில்டாவுக்கும் வேலை. கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. உண்மை அதுதான், ஆனால் நான் பழியை அவள் தலையில்தான் போடுவேன். "உன்ரை பேரைத் தமிழிலை எழுத வக்கில்லை, துவக்குக்குக் கொப்பி எழுதுறாய்" என்று ஏசாத கிழமை இல்லை.

அவளுக்கு அது உறைக்காது. எனக்கு உறைத்தது வேறு. அவள் சின்யோராவைக் கார்லா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ என்றுதான் கதைப்பாள். சுடுதளத்தில் எல்லாரும் அப்படித்தானாம். சுட்டு முடிந்ததும் இருவரும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய்க் கடற்கரையில் இருந்து மூரை என்கிற கடல் முள்ளெலியை உடைத்து, அதற்குள் இருக்கிறதைப் பச்சையாக வழித்துத் தின்பார்கள். காலில் குத்துகிற முள்ளுச் சாமான், எங்கள் ஊரில் அதை ஆரும் தொடுவார்களா? அந்த வாயோடு வீட்டுக்கு வந்து என்னைக் கொஞ்சுவாள்.

ஒருமுறை சின்யோராவும் நானும் ஒரே நாளில் கெஸ்தூராவுக்கு, அதுதான் பொலிஸ் தலைமையகத்துக்கு, போனோம். அவர் துவக்குப் பத்திரம் புதுப்பிக்க, நான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்க. அவர் கையில் கண்ணும் புத்தியும் சரி என்று வைத்தியர் கொடுத்த கடிதம். என் கையில் அவர் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தம். இருவரையும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. அவர் துவக்கை வைத்திருக்கப் பத்திரம் வாங்குகிறார். நான் என்னையே வைத்திருக்கப் பத்திரம் வாங்குகிறேன், அதற்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். பதினாறு வருடம் ஒரு பிழையும் விடாமல் நான் வேலை செய்ததற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம். என் கைச்சுத்தத்தில் எனக்கு இருந்த கொழுப்பு இன்னொரு காரணம்.

5

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில், ஒரு புதன்கிழமை, கடைசி அறையில் சுவர் பொருமி வெள்ளை உதிரத் தொடங்கியது. ஈரம் மருந்துக்கு ஆகாது என்று சின்யோரா துடித்துப்போனார். வைத்திய நிலையத்துக்குப் போகிற அவசரத்தில் சின்ன அலுமாரியின் பூட்டுத் திறப்பை என் கையில் தந்து, "எல்லாத்தையும் நடை அலுமாரிக்கு மாற்றி விடு. நீயே ஒழுங்குபடுத்து" என்றார். அந்தத் திறப்பை அவர் அதற்கு முதல் ஒருநாளும் எனக்குத் தந்ததில்லை.

ஒழுங்குபடுத்து என்றால் என்ன என்று வீட்டு வேலை செய்கிற எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அரைப் பேணி சீனி இரண்டு இருந்தால் ஒன்றாக்கு. முடிகிற கறித்தூளைப் புதுப் போத்தலுக்குள் கொட்டு. வெறும் பேணியைக் கழுவி வை. சண்டைக்குள் ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு மூடி சரியாக இறுகுகிற போத்தலுக்காக எங்கள் வீட்டில் அடிபிடி நடந்திருக்கிறது. இங்கே வந்த பிறகும், என்னைப் போன்றவர்கள் நுழைந்த எந்த இத்தாலியக் குசினியிலும் அரைப் பேணி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. சின்யோராமார் அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்வார்கள். வெறும் பேணி எங்களுக்கு என்பது எழுதாத சட்டம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு பேணிகளை இறக்கினேன். நகப்பூச்சு மாதிரி ஒரு மணம். ஒரே கம்பனிக் கறுப்புப் பேணி இரண்டு. ஒன்றில் அரைவாசிக்கு மேல் இருந்தது, மற்றதில் அடியில் இரண்டு கைப்பிடி. இரண்டிலும் ஒரே கறுத்தக் குறுணி. வெளியில் எண் வேறு என்பதைக் கண்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நாட்டில் எண் எதில்தான் இல்லை? ஸ்பகெத்திப் பெட்டியிலும் எண் இருக்கிறது. இரண்டு எண் ஸ்பகெத்தியை ஒரே சட்டியில் போட்டதால் ஒருவரும் செத்ததில்லை.

குறைந்ததை நிறைந்ததற்குள் கொட்டினேன். கொட்டி, மூடியை இறுக்கி, மிளகாய்த்தூளுக்குச் செய்வது போல நன்றாகக் குலுக்கி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி அமர்த்தினேன். வெறும் பேணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மெற்றில்டா அதற்குள் சீரகம் போட்டு வைத்தாள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை பின்னேரம், நான் வேலை முடிந்து போன பிறகு, ரோசாவும் சின்யோராவும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஐம்பது தோட்டா செய்து ஒரு பெட்டியில் அடுக்கினார்கள். ஐம்பதும் ரோசா சுடுவதற்கு.

6

சனிக்கிழமை மத்தியானம் ரோசாவைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார் சின்யோரா. சூடை மீனும் பெருஞ்சீரக இலையும் போட்டுப் பாஸ்தா செய்தேன். மகள் மேசையில் இருக்க, தகப்பன் பின்னால் நின்று பரிமாறுகிற காட்சியை நீங்கள் யாரும் கண்டிருக்க மாட்டீர்கள். காணவும் வேண்டாம். "கிராட்சியே, பப்பா" என்று அவள் நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னாள். அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். சின்யோரா என்னையும் இருக்கச் சொன்னார், நான்தான் மாட்டேன் என்றேன். எனக்கு அந்த மேசையும் வேண்டாம், அந்த மேசைப் பேச்சும் வேண்டாம்.

கோப்பித் தட்டோடு நான் வரும்போது அடுத்ததாக எந்த மருந்து வாங்குவது என்ற கதை நடந்துகொண்டிருந்தது.

"ஆறுதலானதையே இன்னும் இரண்டு பேணி எடுப்பம்" என்றார் சின்யோரா. "கெதியானது கொஞ்சம் மிச்சம் கிடக்குது. அதைப் பழைய சின்னத் துவக்குக்குப் பாவிச்சு முடிக்கிறன்." பிறகு சிரித்தார். "ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பார்த்தியா? தாய்கூட வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாள்."

"ஒண்டுக்குள்ளை ஒண்டு கலந்தால்?" என்று என் வாய் கேட்டது. நான் கேட்க நினைக்கவில்லை.

"கலந்தால், அந்தோனியோ, என்ரை முகத்தை நீ கூரையிலை தேட வேண்டியிருக்கும்."

நான் விளங்காத மாதிரி நின்றிருக்க வேண்டும். ரோசா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "பகிடி இல்லை அப்பா. ஆறுதலானதுக்குக் கணக்குப் பாத்த அளவிலை கெதியானது கலந்தால், அமுக்கம் தாங்காமல் துவக்கு வெடிக்கும். கண்ணுக்குப் பக்கத்திலை. அதுதான் மேசையிலை எப்பவும் ஒரு பேணிதான் வைக்கிறது. இன்னொண்டை எடுக்கிறதெண்டால் முதல் பேணியைப் பூட்டிப்போட்டுத்தான் எடுக்கிறது. கொட்டினதைத் திருப்பிப் போடுறதெண்டாலும் அதே பேணிக்குள்ளைதான்."

பக்கத்து மேசையில் அந்தப் பெட்டி இருந்தது. ரோசாவின் கையெழுத்தில் மேலே ஞாயிறு என்று இத்தாலியனில் எழுதியிருந்தது.

நான் கோப்பியை வைத்தேன். சீனியை வைத்தேன். இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றினேன். வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நீங்கள் மன்னிப்பீர்கள், ஆனால் முதலில் வந்தது அது இல்லை. கார்லா என்று பேர் சொல்லி, சரிக்குச் சரி இருக்கிற என் மகளுக்கு முன்னால், நான் ஒன்றும் தெரியாத வேலைக்காரன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமே என்ற வெட்கம்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குத் துவக்கோடு ஒட்டப்போகிற கன்னத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டும் பேசாமல் நின்றேன்.

அவர்கள் பல்கணிக்கு எழும்பிப் போனதும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினேன். பெட்டியையும் அதே தட்டில் வைத்து, மேலே துடைக்கிற துணியைப் போட்டுக் குசினிக்குக் கொண்டுவந்தேன். தொட்டிக்குக் கீழே, குளோரின் போத்தலுக்குப் பின்னால் அதை ஒளித்தேன். காணவில்லை என்று தேடுவார்கள், கடையில் தோட்டா வாங்கிப் போவார்கள், விஷயம் முடிந்துவிடும். என் மூளை அப்படித்தான் ஓடியது. இரண்டு கோப்பையையும் கழுவினேன், துடைத்தேன், அலுமாரியில் வைத்தேன்.

அப்போதுதான் பேணி ஞாபகம் வந்தது. பெட்டியை ஒளிக்கலாம், பேணி அங்கேதானே இருக்கிறது. தோட்டா காணாவிட்டால் இவர்கள் கடைக்குப் போகிற ஆட்களா? பின்னேரமே மேசையில் இருந்து அதே பேணியிலிருந்து இன்னொரு ஐம்பது செய்வார்கள். பேணியையும் கொட்டினால் ஏன் கொட்டினாய் என்று கேட்பார்கள். சொல்வதைத் தவிர வழி இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் சொல்லப் போனேன். நல்ல மனம் வந்து போகவில்லை.

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கணிக்குப் போனேன். "சின்யோரா, ரெண்டு பேணியை நான் ஒண்டாக்கிப்போட்டன்" என்றேன்.

அவர் வெளிறிப் போனார். கத்தவில்லை. எதற்குள் எது, எவ்வளவு, எந்த நாள் என்று மூன்று கேள்வி கேட்டார். நோயாளியிடம் எந்தப் பல் என்று கேட்கிற குரல். நான் சொன்னேன். ரோசா என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியை வாங்கிக்கொண்டாள். சின்யோரா கதிரையில் இருந்து, முகத்தை இரண்டு கையாலும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"திறப்பைத் தந்தது என்ரை பிழை. இனி அந்த அறையை நானே துடைக்கிறன், அந்தோனியோ."

பதினாறு வருடத்தில் அவர் என்னை ஏசியிருக்கிறார், ஒருமுறை தட்டை உடைத்ததற்குச் சத்தமும் போட்டிருக்கிறார். இது அந்த மாதிரி இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7

ஐம்பது தோட்டாவையும் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு சுத்தியல் மாதிரிச் சாமான் இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிக் கட்டையில் ஓங்கி அடித்தால் ரவையும் மருந்தும் கழன்று விழும். கடைசி அறைக்குள் ரோசா அடித்துக்கொண்டிருந்தாள். நான் குசினியில் நின்றேன். எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன், ஐம்பதும் காதில் விழுந்தது.

முடிந்ததும் அவள் ஒரு கிண்ணத்தில் மருந்தோடு வந்தாள். பேணியில் இருந்ததையும் அதற்குள் கொட்டியிருந்தாள். "கார்லா இதை மேல் மாடிப் பூச்சாடியளுக்குத் தூவச் சொல்லுறா. மண்ணுக்கு உரமாம். கனக்கப் போடாதேங்கோ, ஒவ்வொண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்."

கிண்ணத்தை வாங்கினேன். அவள் போகவில்லை.

"அப்பா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"என்ன?"

"கலந்தால் வெடிக்குமெண்டு. எப்ப விளங்கினது உங்களுக்கு?"

"கோப்பை கழுவேக்கைதான் பிள்ளை. கழுவிக்கொண்டு நிக்கேக்கை பக்கெண்டு யோசினை வந்தது. உடனை ஓடி வந்தன்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். தொட்டி காய்ந்திருந்தது, கோப்பைகள் துடைபட்டு அலுமாரியில் நின்றன. குளோரின் போத்தல் நிலத்தில் வெளியே நின்றது, அதை நான் திருப்பி உள்ளே வைக்க மறந்திருந்தேன். அந்தப் பெட்டி ஏன் குசினிப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"நான் உங்களுக்குச் சொல்லேக்கை கோப்பையள் தட்டிலை டக்குடக்கெண்டு அடிச்சது" என்றாள். நான் கிண்ணத்துக்குள் பார்த்தேன். "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டிக்குப் போனாள். சனி பின்னேரம் இருவரும் கடைக்கு ஓடி, முத்திரை உடைக்காத புதுப் பேணி ஒன்று வாங்கி, திரும்பவும் ஐம்பது நிறுத்துச் செய்திருந்தார்கள். புதுப் பேணி என்றால் பழையதன் அளவை அப்படியே நம்பக் கூடாதாம், குறைத்துத்தான் தொடங்க வேண்டுமாம். அதனால் ரவைகள் கொஞ்சம் அகன்று விழுந்தன, நாலாம் இடம். வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினாள். தாயிடம் போட்டிக் கதை முழுக்கச் சொன்னாள், எங்கள் கதையைச் சொல்லவில்லை. சீரகப் பேணியைத் திறந்து, சீரகத்தைக் குப்பையில் கொட்டி, பேணியை நசுக்கி வெளியே போட்டாள். மெற்றில்டா ஏன் என்று கேட்டதற்கு, "அதிலை சாப்பாட்டுச் சாமான் போடக் கூடாது அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

என்னோடு அவள் முந்திய மாதிரித்தான் கதைக்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து வந்தால் கொஞ்சுகிறாள். சின்யோரா ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை, கையெழுத்து அப்படியே இருக்கிறது. கோதுகளை மட்டும் இன்னும் நான்தான் கழுவுகிறேன். மேல் மாடியில் எலுமிச்சைச் சாடி புதுத் துளிர் விட்டிருக்கிறது, காலையில் தண்ணீர் விடப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுகிறேன்.

இவ்வளவு எழுதிவிட்டேன், அவள் கேட்டதற்கு உண்மையான பதிலையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். எனக்குக் கோப்பி வைக்க முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் சீனி வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், கோப்பை கழுவித் துடைத்து அடுக்கினேன். இந்த உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் பார்த்து மூக்கைச் சுளித்துத் திரிந்தவன், அவ்வளவு நேரமும் என் பிள்ளையின் கன்னத்தைவிட என் வெட்கத்தைப் பெரிதாக வைத்திருந்தேன்.

மலர் வந்ததும் மெற்றில்டா வாசிப்பாள். வாசித்துவிட்டு என்ன செய்வாளோ, அது அவள் பாடு. படமும் அனுப்புகிறேன், கோட் போடாத படம். மலர் எங்கள் வீட்டு மேசையில் கிடக்கும். ரோசா எடுத்துப் புரட்டுவாள், என் படத்தைக் கண்டு சிரிப்பாள், "என்ன எழுதியிருக்கிறீங்கள் அப்பா?" என்று கேட்பாள். பலர்மோவைப் பற்றி நல்லதாய் நாலு பக்கம் என்று சொல்வேன். இத்தனை வருடமும் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்று வாய் ஓயாமல் திட்டியவன் நான். அந்தத் துணிவில்தான் இதை எழுதினேன்.